அகழ்பொறியும் அறமும்

பள்ளத்தை நாடிப் பாய்வது நீரின் இயல்பு. பள்ளம் எங்கே அமைய வேண்டும் என்று முடிவு செய்பவன் மனிதன். அம்முடிவோடு பிறக்கும் பொறுப்பு எதுவரை நீள்கிறது? தோண்டிய இடத்தோடு முடிந்துவிடுகிறதா? அல்லது, அப்பள்ளத்தின் பயனையோ கேட்டையோ அடையும் கடைசி மனிதன் வரை தொடர்கிறதா?

வடிகால் மனிதனுக்குச் செய்த நன்மை சிறிதன்று. 1901ஆம் ஆண்டு கிள்ளானிலும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியாக் காய்ச்சல் கடுமையாகப் பரவியது. அவ்வாண்டில் அங்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்தால் நோய் பரப்பும் கொசுக்களின் பிறப்பிடம் அழியும் என்று வலியுறுத்தினார். காடு திருத்தப்பட்டது, வடிகால்கள் வெட்டப்பட்டன, காய்ச்சல் தணிந்தது.

ஆனால், அதே முறை குன்றுப் பகுதிகளில் பயன் தரவில்லை. தாழ்நிலத்துக் கொசு நிழல் படிந்த தேங்குநீரை விரும்பியது. குன்றுப் பகுதிக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகியது. காட்டை அழித்து ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டதால் அங்கே நோய் மிகுந்தது. வாட்சன் பழைய வெற்றியைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. விளைவை ஆராய்ந்து, நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தும் முறையை மேற்கொண்டார்.

அக்காலத்தில் வடிகால் வெட்டிய கருவி மண்வெட்டி. மலாயாத் தோட்டங்களில் சேற்றில் நின்று அதைப் பிடித்த கைகளுள் தமிழ்த் தொழிலாளரின் கைகள் எண்ணற்றவை. காய்ச்சலுக்கு இரையானோரும் அவர்களுள் பலர். ஆகவே, பலர் பல நாள் செய்த வேலையை ஓர் அகழ்பொறி விரைவில் முடித்துவிடுகிறது என்றால், அதை வரவேற்பதே நேர்மை. கைவேலையின் துன்பத்தை அறியாதவரே அதன் பெருமையை மட்டும் பேசுவர்.

எனினும், பொறி உழைப்பைக் குறைக்கும்போது வேறொன்றையும் குறைத்துவிடுகிறது. எண்ணத்திற்கும் செயலுக்கும் இடையே உள்ள காலமே அது. மண்வெட்டியின் தவறு சில அடிகளிலேயே புலப்படக்கூடும். பொறியின் தவறோ கல் கணக்கில் நீண்ட பின்னரே கண்ணுக்குத் தெரிகிறது.

மத்திய கலிமந்தான் இதற்குச் சான்று. அங்கு ஏறத்தாழ 10 இலட்சம் எக்டர் நிலத்தை நெல்வயலாக்கும் திட்டத்தை இந்தோனேசிய அரசு 1996இல் தொடங்கியது. அந்நிலத்தின் பெரும்பகுதி, காலங்காலமாக மட்கிய தாவரங்களாலான சதுப்பு. அதில் 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கால்வாய்கள் தோண்டப்பட்டன. நீர் வடிந்தது, எதிர்பார்த்த நெல் விளையவில்லை. உலர்ந்த நிலம் 1997இல் தீப்பற்றி அடிமண் வரை எரிந்தது. அவ்வாண்டு கலிமந்தானிலும் சுமாத்திராவிலும் எழுந்த புகை மலேசியாவையும் சிங்கப்பூரையும் சூழ்ந்தது. சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன. 1999இல் திட்டம் கைவிடப்பட்டது. பின்னர், அக்கால்வாய்களுக்குக் குறுக்கே தடுப்பணைகள் கட்டி நிலத்தின் ஈரத்தை மீட்கும் முயற்சிகள் தொடங்கின.

குற்றம் பொறியினுடையதா? அன்று. கையால் வெட்டிய காலத்திலும் தவறு நேரும் என்பதைக் குன்றுகள் முன்னரே காட்டிவிட்டன. ஆயினும், அன்று செய்து பார்த்துத் திருத்திக்கொள்ள இடம் இருந்தது. பொறியின் காலத்தில் அவ்விடம் சுருங்கிவிட்டது. முன்பு செயலின் இடையே கிடைத்த சிந்தனையைச் செயலுக்கு முன்பே தேடிக்கொள்ள வேண்டிய கடமை இன்று மனிதனுக்கு உண்டு.

இக்கடமை யாருடையது என்பதும் எளிய வினாவன்று. பொறியை இயக்குபவன் கட்டளையை நிறைவேற்றுகிறான். கட்டளையிட்டவன் களத்தில் நிற்பதில்லை. புகையைச் சுவாசிக்கும் குழந்தையை இருவரும் அறியார். பலர் கூடிச் செய்த செயலில் ஒவ்வொருவரும் தம் பங்கு சிறிதென்று கருதுவது இயல்பு. அதனால் குழந்தையின் இருமல் சிறிதாகிவிடுவதில்லை.

நீர் எல்லைக்கல்லை அறியாது, புகையும் அறியாது. அவ்விரண்டும் சென்று சேரும் இடம் வரை, தோண்டச் சொன்னவனின் பொறுப்பும் செல்கிறது. எந்திரத்தின் ஆற்றல் வளர வளர அப்பொறுப்பின் எல்லையும் விரிகிறது.