உதவித்தொகையைப் பேசும் முறை

பொருளைப் பற்றி வாய்திறப்பதே இழிவு என்று எண்ணுவோர் உளர். கேளாதவனுக்குக் கிடைக்காது என்று கருதுவோரும் உளர். இவ்விரு எண்ணங்களுக்கும் இடையே நன்னெறி எங்கே நிற்கின்றது? அமெரிக்க நாட்டு இசைக் கல்லூரிகளின் தேர்வு முறையைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

அந்நாட்டில் இசை பயில விழையும் மாணவர், பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை பல கல்லூரிகளுக்குச் சென்று, 'ஆடிஷன்' என்னும் தேர்வில் ஆசிரியர் குழுவின் முன் பாடியோ வாசித்தோ காட்டுவர். சில நிமிடங்களே நிகழும் அத்தேர்வு, இடத்தை மட்டுமன்றிப் பல கல்லூரிகளில் உதவித்தொகையின் அளவையும் முடிவு செய்யத் துணையாகின்றது. பிலடெல்பியாவிலுள்ள கர்ட்டிஸ் இசைக் கழகம் 1928 முதல் எவரிடமும் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. ஏனைய பல இடங்களிலோ ஆண்டுக் கட்டணம் பல்லாயிரம் டாலர். ஆகவே உதவித்தொகைப் பேச்சு வீண்பேச்சன்று. ஒரு குடும்பம் கடனில் அமிழுமா, பிழைக்குமா என்பதே அதில் அடங்கியுள்ளது.

அவ்வாறாயின் தேர்வு அறையிலேயே கேட்டுவிடலாமே எனின், அது பொருந்தாது. குழுவிலுள்ளோர் திறனை மதிப்பிடுவோர். தொகையை உறுதி செய்து அறிவிப்பது பெரும்பாலும் சேர்க்கை அலுவலகமும் நிதியுதவி அலுவலகமுமே. தம் கையில் இல்லாத ஒன்றை ஆசிரியரிடம் கேட்பது அவரைச் சங்கடத்தில் ஆழ்த்தும். "வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்துள்ளாய்?" என்று அவர் வினவினால், உண்மையைச் சுருங்கச் சொல்லலாம், "இன்னும் முடிவு செய்யவில்லை" என்பது உண்மையாயின் அதுவே போதும். "தங்கள் கல்லூரி ஒன்றையே விரும்புகிறேன்" என்று ஒவ்வோரிடத்திலும் கூறுவது மரியாதையன்று, பொய்.

காத்திருக்கும் கூடத்தில் உடன் நிற்கும் மாணவரிடம் தொகை பேசுவது இன்னும் தீது. ஒரு கல்லூரியின் வாத்தியக் குழுவுக்கு வியோலாவோ பஸூனோ வாசிப்போர் குறைவாயிருந்தால், அவ்வாண்டு அவ்வாத்தியக்காரருக்கு மிகுதியான உதவி கிடைக்கக் கூடும். தொகை கல்லூரியின் தேவையையும் காட்டுகின்றது. திறனை மட்டும் அளக்கும் கோல் அன்று. இதை அறியாத இளம் உள்ளம், அடுத்தவனுக்குக் கிடைத்ததைக் கேட்டுத் தன்னைத் தாழ்வாக எண்ணிக்கொண்டு மேடையேறும். மதிப்பெண்ணை உரக்கப் படித்தபோது வாடிய முகங்களை வகுப்பறையில் கண்ட எவர்க்கும் இது விளங்கும். ஆனால் பின்னொரு நாளில், வழி தெரியாத இளையவர் கேட்கும்போது விவரங்களைக் கூறுவது உதவியே. ஒரே செய்தி, இடமும் காலமும் மாறும்போது தன் தன்மையும் மாறுகின்றது.

முடிவு வந்தபின் அலுவலகத்துக்கு எழுதி, நன்றி தெரிவித்து, குடும்ப நிலையை விளக்கி, மறுபரிசீலனை இயலுமா என்று கேட்கலாமா? கேட்கலாம். அது பேராசையன்று. பிறிதொரு கல்லூரி அளித்த தொகையைக் குறிப்பிடுவதும் தவறன்று. ஆனால் கூறும் எண் மெய்யாயிருத்தல் வேண்டும். கேட்பது வேண்டுகோளாயிருக்க வேண்டுமேயன்றி மிரட்டலாயிருத்தல் கூடாது. மறுத்தால் மனங்கோணாது ஏற்கவும் வேண்டும். இல்லாத சலுகையைக் காட்டி விலை ஏற்றுவதோ, தேவைக்கு மேல் பெற்றுப் பெருமை பேசுவதோதான் ஆசையின் வேலை.

இவற்றினும் பெரிய கடமை ஒன்றுண்டு. இளநிலை மாணவர் பலருக்கு விடையளிக்க மே 1 வரை காலம் உண்டு. பட்டமேற்படிப்பில், கல்லூரிகளின் பொதுத் தீர்மானத்தில் கையொப்பமிட்டவை ஏப்ரல் 15க்கு முன் உதவியை ஏற்குமாறு வற்புறுத்துவதில்லை. இந்த அவகாசம் மாணவரின் உரிமை. எனினும் செல்லப்போவதில்லை என்று உறுதியான இடத்தைக் கடைசி நாள் வரை பற்றிக்கொண்டிருப்பதும், இரண்டு கல்லூரிகளுக்கு ஒருங்கே இசைவு தருவதும் முறையன்று. நாம் விடுகின்ற இடமும் தொகையும், காத்திருப்போர் பட்டியலில் உள்ள முகமறியா ஒருவனுக்குச் சென்று சேரலாம். நம் தாமதம் அவன் வாய்ப்பைப் பறிக்கும்.

எனவே பெற்றோர் தம் மக்களுக்குக் கற்பிக்க வேண்டியது வாய்மூடியிருத்தலை அன்று. உரியவரிடம், உரிய காலத்தில், உண்மையை மட்டும் கேட்கவும், வேண்டாததை விரைந்து விடுக்கவும் கற்பிப்போமாக. கேட்கும் துணிவும் விடும் மனமும் ஒருங்கே அமைந்தவிடத்தில் பொருட்பேச்சும் பண்பாகும்.