அண்டை அயலாரும் அமானிதமும்

 

கடை அடைக்கும் நேரத்தில் நாலு பேர் கூடி நின்று பேசும்போது நம்மவர் வாயிலிருந்து அடிக்கடி வரும் பேச்சு ஒன்றுண்டு. "பல இன ஜனங்கள் கலந்த ஊரில் யாரை நம்புவது? ஒரே இனத்தார் வாழும் இடமானால் கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம். இங்கே கலப்பும் அதிகம், களவும் அதிகம்" என்பதே அந்தப் பேச்சு. சொல்பவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. கல்லாவில் பணம் குறைந்தவர், சரக்கைக் கடனுக்குக் கொடுத்து ஏமாந்தவர், மனம் நொந்து சொல்கிறார். ஆயினும் நொந்த மனம் சொல்வதெல்லாம் நியாயமாகிவிடாது. ஆகவே இம்மாதம் அப்பேச்சையே எடுத்துக்கொண்டு, மார்க்கம் என்ன சொல்கிறது, அனுபவம் என்ன சொல்கிறது என்று சற்று நிதானமாக ஆராய்வோம்.

மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது தன் அத்தாட்சிகளில் உள்ளது என்று அல்லாஹுத்தஆலா திருமறையின் 'ரூம்' அத்தியாயத்தில் அறிவிக்கின்றான். மக்களைப் பல கூட்டத்தாராகவும் கோத்திரத்தாராகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று 'ஹுஜுராத்' அத்தியாயத்தில் உணர்த்துகின்றான். படைத்தவன் அத்தாட்சி என்று கூறியதை நாம் ஆபத்து என்று கூறலாமா? அதே வேளையில், அறிந்துகொள்வதற்காக என்பதையும் கவனியுங்கள். பக்கத்தில் வாழ்ந்தால் மட்டும் போதாது, அறிந்து வாழவேண்டும். நம் குறை எங்கே இருக்கிறது என்பதை இவ்வொரு சொல்லே காட்டிவிடுகிறது.

இக்காலத்து ஆராய்ச்சியாளர் கூறுவதையும் கேட்போம். ராபர்ட் புட்னம் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், அந்நாட்டில் சுமார் 30,000 பேரிடம் விசாரித்துத் திரட்டிய விவரங்களைக் கொண்டு 2007-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல இனத்தார் கலந்து வாழும் வட்டாரங்களில் மக்கள் ஆமையைப்போல் ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்கின்றனர். அயலினத்தாரை மட்டுமல்ல, தம் இனத்தாரையுங்கூட நம்பத் தயங்குகின்றனர் என்பது அவர் கண்டது. காலப்போக்கில் இத்தயக்கம் நீங்கி, எல்லோரையும் அணைத்த புதிய ஒற்றுமை உண்டாக முடியும் என்றும் அவரே எழுதினார். முன்பகுதியைப் பிடித்துக்கொண்டவர் பலர். பின்பகுதியைப் படித்தவர் சிலர். பிறகு 2015-ஆம் ஆண்டில் வேறு இருவர் அதே விவரங்களை மறுபடி அலசிப் பார்த்து, நம்பிக்கைக் குறைவுக்கு வறுமையும் குடியிருப்பு நிலையின்மையும் போன்ற காரணங்களே பெரியவை என்று கண்டனர். 2020-ஆம் ஆண்டில் 87 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கலந்து வாழ்தலுக்கும் நம்பிக்கைக் குறைவுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது சிறியது என்று முடிவு கூறினர்.

இது நம்பிக்கையைப் பற்றியது. குற்றத்தைப் பற்றியோ? சிக்காகோ நகரின் 343 வட்டாரங்களில் 8,782 பேரை விசாரித்து 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் நம்பி, தெருவில் ஒரு பிள்ளை தப்பு வழியில் போனால், யார் பிள்ளை என்று பாராமல் தட்டிக்கேட்கும் வட்டாரங்களில் வன்முறை குறைவாக இருந்தது என்று அது காட்டியது. பல இனங்கள் நெருங்கி வாழும் சிங்கப்பூர், உலகில் குற்றம் குறைந்த நகரங்களில் ஒன்றாக விளங்குவதையும் நாம் கண்ணெதிரே காண்கிறோம். அங்கே சட்டம் கடுமையானது என்பது மெய்யே. ஆனால் கலப்புத்தான் களவைப் பெருக்கும் என்றால் அந்த ஊர் அப்படி இருக்க முடியாதன்றோ?

வெளியூர்க் கதை போதும். நம் பினாங்கின் கதைக்கு வருவோம். 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜார்ஜ் டவுன் தெருக்களில் சுமார் பத்து நாட்கள் பெருங்கலகம் நடந்தது. யாருக்கும் யாருக்கும் கலகம்? சீனருக்கும் முஸ்லிம்களுக்குமா? அல்ல. கீ ஹின் என்பது ஒரு சீன இரகசியச் சங்கம். துவா பெக் கோங் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று பகைத்தன. நம் மார்க்கத்தாரிடையேயும் வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்று இரண்டு கூட்டங்கள் இருந்தன. மலாய்க்காரரும் இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம்களும் அவற்றில் இருந்தனர். வெள்ளைக் கொடியார் கீ ஹின்னோடு சேர்ந்தனர். சிவப்புக் கொடியார் துவா பெக் கோங்கோடு சேர்ந்தனர். சீனர் சீனரை வெட்டினர். முஸ்லிம் முஸ்லிமை வெட்டினான். வெட்டும்போது இரு பக்கத்திலும் அயலினத்தான் துணை நின்றான்!

சகோதரர்களே! இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் என்ன? ஒரே இனம், ஒரே மார்க்கம் என்பது அன்று யாரையும் காப்பாற்றவில்லை. இன்னொரு இனத்தாரோடு கைகோத்ததும் நன்மையாகிவிடவில்லை. ஏனெனில் கைகோத்த காரியம் தீய காரியம். அன்று ஊரைக் கெடுத்தது எது? நம் கூட்டத்தான் எது செய்தாலும் சரி, அவனைக் காப்பது நம் கடமை என்ற இரகசியச் சத்தியமே. அந்தச் சத்தியம் எந்த இனத்தில் நுழைந்தாலும் அங்கே நீதி செத்தது. 1869-ஆம் ஆண்டில் அரசாங்கம் இத்தகைய சங்கங்களை அடக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் மனத்தில் எடுத்துக்கொள்ளும் சத்தியத்தை எந்தச் சட்டம் அடக்கும்?

இனத்தை வைத்தே கலகம் மூண்டதில்லையா என்று கேட்பீர்கள். மூண்டதுண்டு, மறைக்கலாகாது. 1964-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் சிங்கப்பூரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்த நாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரருக்கும் சீனருக்கும் கலகம் மூண்டு 23 உயிர்கள் போயின. 454 பேர் காயமுற்றனர். அகிலத்துக்கு அருட்கொடையாக வந்தவரின் பெயரால் கூடிய நாளில் இப்படி நடந்ததை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அன்று அரசியல் பேச்சுகள் எரியும் கொள்ளியாயின, வதந்தி காற்றாயிற்று. அதன்பின் ஊர்ப் பெரியவர்கள் எல்லா இனத்திலிருந்தும் கூடி, வட்டாரந்தோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைத்து, வீடு வீடாகச் சென்று பயத்தைத் தணித்தனர். தீயை வைத்ததும் மனிதரே, அணைத்ததும் மனிதரே. அறிமுகமில்லாத இடத்தில் வதந்திக்கு வேலை உண்டு. அறிமுகமுள்ள இடத்தில், "அவரா? அவரை நான் அறிவேனே!" என்ற ஒரு சொல் அதை நிறுத்திவிடும்.

இனி இப்பொருளின் உயிர்நாடிக்கு வருவோம். மதீனாவில் நடந்த ஒரு சம்பவத்தைத் திருமறை விரிவுரையாளர்கள் எடுத்துரைக்கின்றனர். துஃமா என்னும் ஒருவன், அன்ஸாரிகளின் கிளையொன்றைச் சேர்ந்தவன், ஒரு கவசத்தைத் திருடினான். அகப்பட்டுக்கொள்வோம் என்று கண்டதும் அதை ஒரு யூதரிடம் சேர்த்து, அவரே திருடர் என்று பழி சுமத்தினான். அவனுடைய கூட்டத்தார் திரண்டு வந்து, தங்கள் ஆளுக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வழக்காடினர். பழி ஏற்றவரோ வேற்றுமதத்தார், பேச ஆளில்லாதவர். காரியம் எளிதில் முடிந்துவிடும் போலிருந்தது. அப்போது 'நிஸா' அத்தியாயத்தின் 105-ஆம் வசனம் முதலாகச் சில வசனங்கள் இறங்கின. மோசடிக்காரருக்காக வாதாடலாகாது என்று இறைவன் தன் தூதருக்கே உணர்த்தினான். தான் செய்த குற்றத்தை நிரபராதியின் தலையில் போடுகிறவன் அவதூற்றையும் வெளிப்படையான பாவத்தையும் சுமந்துகொள்கிறான் என்று எச்சரித்தான்.

சிந்தித்துப் பாருங்கள்! முஸ்லிம்களின் சமூகம் அப்போதுதான் வேரூன்றிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பகை. நம் ஆளைக் குற்றவாளி என்று சொன்னால் எதிரி சிரிப்பானே என்று சாக்குச் சொல்ல அதைவிடத் தக்க வேளை உண்டா? அந்த வேளையிலும் ஒரு யூதரின் மானத்தைக் காக்க வானத்திலிருந்து வசனம் இறங்கியது. இதற்குமேல் நமக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

இச்சம்பவத்தை நம் கடைக்குக் கொண்டுவந்து பாருங்கள். இரவு கணக்கு முடிக்கையில் கல்லாவில் பணம் குறைகிறது. முதலாளியின் கண் முதலில் யார்மேல் விழுகிறது? பாத்திரம் கழுவும் வங்காளதேசத்துப் பிள்ளைமீதா? மூட்டை தூக்கும் நேப்பாளத்துத் தம்பிமீதா? அல்லது சாவி வைத்திருக்கும் நம் ஊர்க் கணக்கப்பிள்ளைமீதா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். பிள்ளையின் பெட்டியை அவிழ்த்துக் கொட்டிச் சோதித்த பின்பு, தவறு சிட்டையில் இருந்தது என்றோ, எடுத்தவர் சொந்தக்காரர் என்றோ தெரியவந்தால் நாம் என்ன செய்கிறோம்? சொந்தக்காரரை ஓசைப்படாமல் ஊருக்கு அனுப்பிவைக்கிறோம். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

நேற்று நம் பாட்டன்மாரும் ரஜூலாக் கப்பலில் தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர்களே. அவர்களையும் இந்நாட்டார் அந்நியன் என்று ஐயுற்றிருக்கலாம். ஐயுறாமல் சரக்குக் கொடுத்த சீனத் தவுக்கேயும், வீடு கொடுத்த மலாய்க்காரரும் இருந்தபடியால்தானே நமக்குக் கடையும் பெயரும் உண்டாயின? பெற்ற கடனைத் திருப்பிக் கொடுப்பது வணிகனுக்கு நாம் சொல்லித் தரவேண்டிய பாடமா?

வணிகத்தின் நாணயம் இனம் பார்ப்பதில்லை என்பதற்கு நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வே சாட்சி. நபிப்பட்டம் பெறுமுன், இளம் பருவத்தில், ஏமனிலிருந்து மக்காவுக்கு வந்த வெளியூர் வியாபாரி ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு ஒரு மக்காப் பிரமுகர் பணம் கொடுக்க மறுத்தார். அந்நியருக்குக் கேட்பார் யார்? அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று சில கிளையார் கூடி ஒப்பந்தம் செய்தனர். 'ஹில்புல் புளூல்' எனப்படும் அந்த உடன்படிக்கையில் நாயகமவர்களும் கலந்துகொண்டார்கள். பிற்காலத்திலும் அதைப் பெருமையாக நினைவுகூர்ந்தார்கள். தம்மைக் கொல்லத் துணிந்த மக்காவாசிகள் ஒப்படைத்திருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டே ஹிஜ்ரத் புறப்பட்டார்கள். அந்தப் பயணத்துக்கு வழிகாட்டியாக அமர்த்தியதும் இஸ்லாத்தைத் தழுவாத ஒருவரையே. உயிரையே ஒப்படைக்கும் நேரத்தில் அவர்கள் பார்த்தது நாணயத்தையும் திறமையையும்.

நம் முன்னோரின் துறைமுகங்களும் இதற்குச் சாட்சி கூறுகின்றன. சௌமித்ர ஜா என்னும் ஆராய்ச்சியாளர் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், முஸ்லிம் கடல் வணிகர் தொழில் செய்த இந்தியாவின் பழைய துறைமுக ஊர்களில் மக்கள் அதிகம் கலந்திருந்தும், 1850 முதல் 1950 வரை இந்து-முஸ்லிம் கலகம் மூளும் வாய்ப்பு ஏனைய ஊர்களைவிட ஐந்தில் ஒரு பங்காகவே இருந்தது என்று காட்டினார். ஒருவர் செய்யும் தொழில் மற்றவருக்குத் துணையாக அமைந்து, இரு சாராரும் ஒருவரையொருவர் நம்பியே பிழைக்க வேண்டியிருந்ததால் அங்கே அமைதிக்கான வழக்கங்கள் வேரூன்றின என்பது அவர் விளக்கம். காயல்பட்டினமும் நாகப்பட்டினமும் போன்ற பழந்துறைமுகங்களின் வழிவந்தவர்களல்லவா நாம்? பற்றுவரவு இருந்த இடத்தில் பகை குறைந்தது என்பது நம் பாட்டன்மார் பேரேட்டிலேயே எழுதிவைத்த உண்மை.

ஆகவே நாம் செய்யவேண்டியவை சில. முதலாவது, களவு நடந்தால் சாட்சியைத் தேடுவோம். முகத்தைத் தேட வேண்டாம். இன்ன இனத்தான் திருடினான் என்று கைத்தொலைபேசியில் வரும் செய்தியை, விசாரியாமல் அடுத்தவருக்கு அனுப்பவும் வேண்டாம். இரண்டாவது, நம்மவர் குற்றம் செய்தால் மூடி மறைக்க வேண்டாம். சங்கத்துக்கு அவமானம் என்று அஞ்சுவோர் துஃமாவின் கூட்டத்தாரை நினைத்துக்கொள்வார்களாக. மூன்றாவது, எல்லா இனத் தொழிலாளிக்கும் சம்பளமும் மரியாதையும் ஒரே தராசில் நிறுக்கப்படட்டும். நான்காவது, நம் சங்கத்தோடு நின்றுவிடாமல், கடைத்தெருவின் பொதுச் சங்கத்திலும் வட்டாரக் குழுவிலும் சென்று உட்காருவோம். பக்கத்துக் கடைக்காரரின் பெயரையும், அவர் வீட்டு நன்மை தீமையையும் அறிந்துகொள்வோம். ஆபத்து வரும் நாளில் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள நேரம் இராது.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்து நடந்தால், சிறிது தூரத்துக்குள் சீனர் கோயிலும், மாரியம்மன் கோயிலும், கிறிஸ்தவ ஆலயமும் நம் கண்ணில் படும். இருநூறு ஆண்டுகளாக அந்தத் தெரு அப்படித்தான் இருக்கிறது. அதில் நடப்பவர் ஒருவரையொருவர் அறிந்தவராக நடப்பதும், ஐயுற்றவராக நடப்பதும் நம் கையில் இருக்கிறது.

வல்ல அல்லாஹ் நம் நாவை அவதூற்றிலிருந்தும், நம் தராசை மோசடியிலிருந்தும், நம் நெஞ்சை இனவெறியிலிருந்தும் காத்து, அயலாரின் நம்பிக்கைக்கு உரியவர்களாக நம்மை வாழச் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.