உரிமையும் மௌனமும்

பொருட்செல்வம் கொடுத்தால் குறையும்; கல்விச் செல்வம் கொடுக்கக் கொடுக்க வளரும் என்பது தமிழர் வழிவழியாகக் கண்ட உண்மை. எனினும் நூலை இயற்றியவனுக்கும் வயிறு உண்டு. அறிவு யாவர்க்கும் பொது என்னும் அறமும், உழைத்தவனுக்கு ஊதியம் உரியது என்னும் அறமும் ஒன்றோடொன்று மோதும் இடமே பதிப்புரிமை. கைப்பேசி வீடுதோறும் புகுந்துவிட்ட இந்நாளில் அம்மோதல் நம் உள்ளங்கைக்கே வந்துவிட்டது. அதனைச் சட்டச் சிக்கலாக மட்டும் கொள்ளாது, அறச் சிக்கலாகவும் கொண்டு ஆராய்தல் நம் கடனாகும்.

ஏட்டுச் சுவடிக் காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. புலவனைப் புரத்தல் வள்ளலின் கடன். பாட்டைப் படியெடுத்தல் கற்பவனின் கடன். சோறு ஒரு வழியில் வந்தது. நூல் மற்றொரு வழியில் பரவியது. ஏடு பெயர்த்து எழுதியவனை எவரும் கள்வன் என்று ஏசவில்லை. அவன் கை ஓய்ந்திருந்தால், உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடிச் சென்றபோது அவருக்கு ஏடுகள் எங்கிருந்து கிடைத்திருக்கும்? அச்சு வந்த பின்னர், புலவனின் சோறு படிகளின் விற்பனையோடு பிணைக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1710-இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியார் காலத்துச் சட்டம் அப்பிணைப்புக்கு உருவம் தந்தது. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தொடர்ந்து காத்து வருகிறது. இன்றோ, ஒரு நூலை ஆயிரம் பேருக்கு அனுப்பக் காசு செலவில்லை. அச்சு கட்டிய பிணைப்பு அறுந்துவிட்டது. பழைய வள்ளலோ திரும்பி வரவில்லை. இதுவே இக்காலத்தின் இடர்.

இவ்விடரைத் தமிழகம் ஒருமுறை தனக்கே உரிய வழியில் தீர்த்துக் காட்டியது. பாரதியார் 1921-இல் வறுமையில் மறைந்தார். அவர் மறைவுக்குப் பின் அவருடைய எழுத்தின் உரிமைகள் பல கைகளுக்கு மாறின. இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. நாடு பாடும் பாட்டைத் திரையில் பாட ஒருவரிடம் இசைவு பெற வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது, கிளர்ச்சியும் வளர்ந்தது. 1949-இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமைகளைத் தன்வயப்படுத்தியது. கவிஞரின் குடும்பத்தார்க்குத் தொகை வழங்கப்பட்டது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைப் பொருள் பெறாமலே ஈந்தார். 1955-இல் பாரதி எழுத்துகள் மக்கள் அனைவருக்கும் பொதுவாயின. அரசு குறுக்கிட்டிராவிடில் அவை 1971 முடியும்வரை தனியுடைமையாகவே இருந்திருக்கும்.

வங்கத்தில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. தாகூர் 1941-இல் மறைந்தார். அக்காலச் சட்டப்படி ஐம்பது ஆண்டு கழித்து, 1991 முடிவில், அவர் எழுத்து பொதுவாகியிருக்க வேண்டும். அந்நிலையில் சட்டம் திருத்தப்பட்டு, காப்புக்காலம் ஆசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டாக நீட்டப்பட்டது. ஒரு பெருங்கவிஞரை முன்னிட்டு வந்த நீட்டிப்பு, காப்புக்காலம் முடியாதிருந்த பிற ஆசிரியர் அனைவருக்கும் உரியதாயிற்று. எவரும் மறுபதிப்புச் செய்யாத, எந்த மரபினரும் நினைவில் கொள்ளாத ஆயிரக்கணக்கான எளிய நூல்களின் கதவும் பத்தாண்டு கூடுதலாக அடைக்கப்பட்டது. புகழ்பெற்றவரைக் காக்கும் வேலி, புகழ் பெறாதவர்க்குச் சிறையாகிவிடுகிறது என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

இச்சிறையின் காட்சியை நாம் வாழும் பெங்களூரிலேயே காணலாம். நகர மக்கள் ‘டாடா இன்ஸ்டிடியூட்’ என்றே வழங்கும் இந்திய அறிவியல் கழகத்தில், பேராசிரியர் ந. பாலகிருஷ்ணன் முன்னின்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜ் ரெட்டி போன்றோரின் ஒத்துழைப்புடன், ‘டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா’ என்னும் மின்னூலகம் உருவாயிற்று. 2003-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதனைத் தொடங்கி வைத்தார். பல நூலகங்களின் பழைய நூல்கள் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டன. தமிழ் நூல்களும் அவற்றுள் இருந்தன. பத்தாண்டுக்கு மேல் ஆய்வாளர்க்கும் ஏழை மாணவர்க்கும் அது அன்னசத்திரமாக விளங்கியது. பின்னர்ப் பதிப்புரிமை மீறல் பற்றிய முறையீடுகள் எழ, அத்தளம் மூடப்பட்டது. உரிமை உள்ள நூல்களும் கலந்திருந்தன என்பது மெய், முறையிட்டவர்மீது குற்றமில்லை. ஆயினும் உரிமை கோருவார் எவருமே இல்லாத நூல்களும் அவற்றோடு சேர்ந்து மறைந்தன. அவற்றின் படிகளை வேறு நாட்டு இணையக் காப்பகம் ஒன்று சேமித்து வைத்ததால், இன்று நம் நூலுக்கு நாம் அயலார் வாயிலில் நிற்கின்றோம்.

உரியவர் யாரென்றே தெரியாத நூலை ‘அநாதை நூல்’ என்பர். 1940-இல் ஓர் இளைஞர் எழுதிய கதைத் தொகுதி ஒன்றை எண்ணிக் கொள்வோம். அவர் 1980-இல் மறைந்திருந்தால் அந்நூல் 2040 முடியும்வரை பூட்டிலேயே இருக்கும். பதிப்பகம் மறைந்தது, மக்கள் எந்த நாட்டில் உள்ளனரோ அறியோம். அக்காலத்து மலிவுத் தாளோ தொட்டால் ஒடிகின்றது. உரிமை முடியும் நாளுக்கு முன்பே நூலின் ஆயுள் முடிந்துவிடும். சட்டத்தில் வழியே இல்லை என்று கூறுவதற்கில்லை. இலாப நோக்கற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள நூலை மின்படியாக்கிச் சேமிக்க 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. ஆனால் அப்படியை ஊரறியப் பரப்ப இயலாது. ஆசிரியரைக் கண்டறிய இயலாத நூலுக்குக் கட்டாய உரிமம் கோரவும் 31ஏ பிரிவு உண்டு. அதற்கு முதற்கண், நாட்டின் பெரும்பகுதியில் பரவிய ஆங்கில நாளிதழ் ஒன்றில் அறிவிப்பு வெளியிட வேண்டும். மறக்கப்பட்ட ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுதிக்காக எந்தத் தொண்டர் அச்செலவை ஏற்பார்?

நடுவண் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு நாள் கழிக்கும் நமக்கு, இவ்விடத்தில் மற்றொரு சட்டம் நினைவுக்கு வருகின்றது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, குடிமகன் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளுக்குள் விடை தரவேண்டும். விடை தராது வாளா இருந்தால், அம்மௌனமே மறுப்பு எனக் கொள்ளப்பட்டு மேல்முறையீட்டுக்கு வழி திறக்கும். அச்சட்டத்தின் நுட்பம் இதுவே: மௌனத்தையும் அது பொறுப்பேற்க வைக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்திலோ மௌனம் அறுபதாண்டு மறுப்பாக நீள்கிறது. ‘இல்லை’ என்று சொல்ல ஓர் ஆளேனும் இருந்தால் அவரிடம் மன்றாடலாம்; ஆளே இல்லாத மறுப்பை யாரிடம் சென்று மன்றாடுவது?

அங்ஙனமாயின் எல்லா நூலையும் எவரும் பரப்பலாமோ எனின், ஆகாது என்பதே நம் துணிபு. இன்று ஒரு தமிழ் நூல் பெரும்பாலும் சில நூறு படிகளே அச்சாகின்றது. அது வெளிவந்த சில நாளிலேயே அதன் பிடிஎஃப் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகின்றது. அனுப்புபவர் தமிழ்த் தொண்டு என்றே எண்ணுகின்றார். அறிவு யாவர்க்கும் பொது என்னும் உயர்ந்த சொல், இருநூறு ரூபாய் மிச்சப்படுத்தும் எண்ணத்துக்குப் போர்வையாகிவிடுகிறது. ஏடு பெயர்த்தவன் இரவெல்லாம் கண்விழித்து அழியவிருந்ததைக் காத்தான்; இவர் விரலால் ஒருமுறை தொட்டு, பிழைக்கவிருப்பதை அழிக்கின்றார். செயல் ஒன்று போல் தோன்றினும் அறம் வேறு. வாழும் எழுத்தாளனின் ‘வேண்டா’ என்னும் சொல் ஒரு மனிதனின் சொல். அதனை மதித்தே ஆகவேண்டும். எவரும் சொல்லாத ‘வேண்டா’வுக்கு அத்தகைய மதிப்பு இல்லை.

இவ்வேறுபாட்டைப் போற்றி நடப்போரும் தமிழருள் உளர். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தமிழ்த் தொண்டர்களின் உழைப்பால் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கி விலையின்றி வழங்கி வருகிறது. தமிழக அரசும் நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்களின் நூல்களை, மரபினர்க்குப் பரிவுத்தொகை அளித்து, நாட்டுடைமை ஆக்கியுள்ளது. கல்கியின் எழுத்துகள் 1999-இலேயே அவ்வாறு பொதுவாயின. இல்லையேல் 2014 முடியும்வரை காத்திருக்க நேர்ந்திருக்கும். புலவன் குடும்பத்துக்குச் சோறு, நூலுக்கு விடுதலை என இரண்டையும் ஒருங்கே தரும் வழி இது. பழைய வள்ளலின் இடத்தில் மக்கள் அரசு அமர்ந்த காட்சி என்று இதனைக் கூறலாம். ஆயினும் நாட்டுடைமைக்கும் கோர ஒரு பெயர் வேண்டும், ஒரு மரபினர் வேண்டும். அநாதை நூலுக்கு அவையும் இல்லை.

ஆகவே மூன்று கடன்களை நாம் வற்புறுத்துகின்றோம். வாழும் எழுத்தாளனின் நூலை விலை கொடுத்து வாங்குதல் வாசகர் கடன். உரியவர் அறிய முடியாத நூலுக்கு, தமிழிலேயே அறிவிப்பு வெளியிட்டு, குறித்த காலத்துக்குள் எவரும் வாராவிடின் நூலகங்கள் அதனைப் பரப்பலாம் என எளிய விதி செய்தல் அரசின் கடன். பின்னர் உரியவர் வந்தால் அவர்க்குரியதை அளித்துவிடலாம். மூன்றாவது எழுதுவோர் கடன். சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஆசிரியர் தம் உரிமையைத் தாமே துறக்க இடம் தருகிறது. துறக்க மனமில்லாதோரும், தமக்குப் பின் தம் நூல்களுக்கு இசைவு தரவல்லார் யார் என்று ஒரு தாளில் எழுதி வைக்கலாம். வீடு, நிலம் பற்றி உயில் எழுதுவோர் தம் நூலைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் போவது ஏனோ!

அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் வளர்த்த பெங்களூர்த் தமிழர் பலர் கவிதையும் கட்டுரையும் நூலாக்கியுள்ளனர். பிறமொழி சூழ்ந்த நகரில் நம் பேரப்பிள்ளைகள் அந்நூல்களை அடைய, ஒரு கையெழுத்துப் போதும். அக்கையெழுத்தை இன்றே இடுவோமாக.