செய்யாமல் விட்டதன் கணக்கு

திண்டிவனத்திலிருந்து கிழக்கு நோக்கி மரக்காணம் செல்லும் சாலை, உப்பளங்களின் ஓரமாகச் சென்று கடற்கரையை அடைகிறது. அக்கரையோரக் குப்பங்களில், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றுட் பலவற்றின் பின்புறம் அவுட்போர்டு எஞ்சின் பொருத்தப்பட்டிருக்கும். அது ஓடும்போது அதன் பக்கவாட்டில் பென்சில் பருமனில் ஒரு நீர்த்தாரை பீறிடுவதை நீங்களும் கண்டிருக்கலாம். அந்தத் தாரையின் பொருட்டு ஒருவர் என்னிடம் எழுப்பிய கேள்வி, குருமடத்தில் படித்தவற்றை மீண்டும் புரட்டிப் பார்க்கச் செய்தது.

இவ்வகை எஞ்சினைக் குளிர்விப்பது கடல்நீரே. அடிப்பகுதியிலுள்ள சிறு துளைகள் வழியே நீரை உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி ஓடச்செய்வது இம்பெல்லர் எனப்படும் ஒரு சிறு ரப்பர்ச் சக்கரம். நீர் சீராக ஓடுகிறது என்பதற்கான சாட்சியே அந்தத் தாரை. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. எஞ்சினை நிறுத்தியபின் உள்ளே தேங்கிய நீர் உலர, உப்பு படிந்து வழிகளை அடைக்கிறது. அலையோடு வரும் மணல் ரப்பர் இதழ்களைத் தேய்க்கிறது. ஆதலால் கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரைச் செலுத்திக் கழுவ வேண்டும். இம்பெல்லரை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். மிக எளிய வேலைதான். இன்று செய்யாவிட்டால் இன்றே ஒன்றும் நிகழ்ந்துவிடாது. அதுவே இவ்வேலையிலுள்ள சோதனை.

அப்படகுக்காரர் பல மாதங்களாக அதைச் செய்யவில்லை. மெக்கானிக் சொல்லியிருந்தார், இவருக்கும் தெரியும். ஓர் இரவு கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொண்டது. படகில் நால்வர். மறுநாள் மாலை வேறொரு படகு கண்டு கயிறு கட்டி இழுத்துவந்தது. கரையருகே அலையில் கயிறு அறுந்து சுற்றியதில், உடன் சென்ற தொழிலாளி ஒருவரின் வலக்கையில் இரு விரல்கள் போயின. வலை இழுத்துப் பிழைத்த கை அது.

சில வாரங்கள் கழித்துப் படகுக்காரர் என்னிடம் வந்தார். ஒப்புரவு அருட்சாதனத்தில் அல்ல, கோவில் திண்ணையில்தான் பேசினோம். அவர் இசைவோடுதான் இதை எழுதுகிறேன். "சாமி, எங்கள் குப்பத்தில் எஞ்சினைக் கழுவாதவர்கள் பலர். குடிக்கவே தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறோம். அவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். செய்தது ஒன்றே, நான் மட்டும் எப்படிப் பாவி ஆனேன்?"

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. விளைவைக் கொண்டே குற்றத்தை அளந்தால், நீதி என்பது குலுக்கல் சீட்டாகிவிடும். மனத்தை மட்டும் கொண்டு அளந்தால், போன விரல்களுக்குக் கணக்கே இல்லாமற் போகும்.

புனித அக்குவினா தோமையார் இங்கே ஒரு வழி காட்டுகிறார். முன்னரே அறிந்த பின்விளைவு, செயலின் தீமையைக் கூட்டும். அறியாவிடினும், அச்செயலின் இயல்பிலிருந்தே பெரும்பாலும் தொடர்வதாயின் அதுவும் கூட்டும். தற்செயலாக நேர்வது கூட்டாது என்பது அவர் கருத்து. கவனமின்மையை விவேகத்துக்கு எதிரான பாவமாகவும் அவர் வகுக்கிறார். கழுவாத எஞ்சின் ஒருநாள் நின்றுபோகும் என்பது இயல்பு. எனவே, நடுக்கடலில் நால்வர் உயிரைப் பணயம் வைத்த குற்றம் இவருடையது. அறிந்தும் கழுவாத ஒவ்வொருவருடையதும் அதுவே. அவர்கள் கரை சேர்ந்தது புண்ணியத்தால் அன்று. ஆனால் அலையில் கயிறு அறுந்தது தற்செயல். அதனால் இவருடைய குற்றம் அவர்களுடையதைவிடப் பெரிதாகிவிடவில்லை. குடிநீர்ப் பஞ்சம் அதனைச் சற்றே குறைக்கவும் செய்யும். எனினும், தேய்ந்த இம்பெல்லரை மாற்றாததற்குத் தண்ணீரைக் காரணம் காட்ட இயலாது.

அப்படியாயின் அவர் கேள்வி நியாயமே. ஆயினும் குற்றம் வேறு, கடன் வேறு. குற்றத்தில் அவர் மற்றவர்களுக்குச் சமமானவர்; கடனில் அல்லர். அந்தத் தொழிலாளி இழந்தது இவருடைய படகில். தம் அசட்டையால் தொடங்கிய ஒன்று பிறருடைய வாழ்வில் எங்கே போய் முடிந்ததோ, அங்கே போய் நிற்கவேண்டியவர் இவரே. நிகழ்ந்ததற்கு முழுக் குற்றவாளி அல்லாத ஒருவரும் அதற்குக் கடன்பட்டவராக இருக்கக்கூடும். இதை அவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "குற்றம் என்றால் ஒரு மன்னிப்போடு முடியும். இது முடியாது போலிருக்கிறதே, சாமி" என்றார். ஆம் என்றேன்.

இப்போது அத்தொழிலாளி கடலுக்குப் போவதில்லை. கரையில் இருந்து எஞ்சினைக் கவனிக்கிறார். முன்போலவே ஒரு பங்கு பெறுகிறார். இருவருக்கும் இடையே பழைய உறவு திரும்பிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் நம்மில் பெரும்பாலோருக்குப் படகு இல்லை. ஆனால் தேய்ந்த பிரேக்கோடு ஓடும் வாகனம், கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, நாளை பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த மனத்தாங்கல் ஆகியவை உண்டு. இதுவரை ஒன்றும் நேரவில்லை என்பதையே நாம் நற்சான்றாகக் கொள்கிறோம். எங்கள் மறைக்கல்வி வகுப்பறையில் பழுதான மின்கம்பி ஒன்று ஓராண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நானும் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன். அவர் திண்ணையை விட்டு எழுந்துபோன அன்று மாலையே மின்பணியாளரை அழைத்தேன்.