ஆளற்ற வெளி

மணற்பாறை முகடுகளில் காலையிலிருந்து அந்திவரை நடப்பதை ஆஸ்திரேலியர்கள் 'புஷ்வாக்கிங்' என்கிறார்கள். தமிழில் இதற்குச் சொல் இல்லை; இல்லாததற்குக் காரணம் உண்டு. நாம் காட்டுக்கு விறகு பொறுக்கப் போகிறோம், மாடு மேய்க்கப் போகிறோம், உச்சியில் இருக்கும் சாமியைக் கும்பிடப் போகிறோம். வெறுமே நடக்க, அதுவும் மனிதர் எவரும் இல்லை என்பதற்காகவே ஓரிடத்தைத் தேர்ந்து போவது நமக்குப் பழக்கமில்லை. அந்த 'எவரும் இல்லை' என்பதைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

சிட்னிக்கு மேற்கே உள்ள ப்ளூ மவுண்டன்ஸ் உண்மையில் மலையே அல்ல, ஆறுகள் அறுத்த பீடபூமி. மேலே கனத்த மணற்பாறை; அடியில் மெத்தென்ற களிப்பாறையும் நிலக்கரியும். அடி அரிக்க அரிக்க மேற்பாறை தன் செங்குத்து வெடிப்புகளின் வழியே பிளந்து விழுகிறது. அதனால்தான் முகட்டில் நடப்பவனின் காலடியில் சரிவு இல்லை, விளிம்பு மட்டும் இருக்கிறது. 1836இல் அங்கே போன டார்வின்கூட, ஓடைகள் இவ்வளவு பெரிய பள்ளங்களை அறுத்திருக்க முடியாது, கடல்தான் செய்திருக்க வேண்டும் என்று நினைத்தார். பிரமிப்பு அறிவைச் சற்று முடக்கத்தான் செய்கிறது.

1813இல் பிளாக்ஸ்லாண்ட், லாஸன், வென்ட்வொர்த் மூவரும் பள்ளத்தாக்குகளை விட்டு முகட்டையே பிடித்துக்கொண்டு மலையைக் 'கடந்தார்கள்' என்பது அங்கே பள்ளிப் பாடம். தருக், குண்டுங்குர்ரா மக்கள் 20,000 ஆண்டுகளுக்குக் குறையாமல் அங்கே புழங்கியிருக்கிறார்கள். 1823இல் ஆர்ச்சிபால்ட் பெல் வடக்கே இன்னொரு முகட்டு வழியைக் 'கண்டுபிடித்தது' தருக் மக்கள் காட்டிக் கொடுத்ததால். சாலைக்கு மட்டும் அவர் பெயர். கிங்ஸ் டேபிள்லாண்ட் பாறையில் கற்கோடரி தீட்டிய குழிகள் இன்றும் இருக்கின்றன.

இதுவரை எளிது. காலனியப் பொய்யை அம்பலப்படுத்துவது இப்போது யாருக்கும் கைவரும் காரியம். சிக்கல் 1931இல் வருகிறது. அவ்வருஷ ஈஸ்டரில் க்ரோஸ் பள்ளத்தாக்கில் நடந்துபோன குழு ஒன்று, ப்ளூ கம் ஃபாரஸ்ட் என்ற யூகலிப்டஸ் காட்டில் அதன் குத்தகைக்காரரைச் சந்தித்தது. மரங்களை வெட்டிவிட்டு வால்நட் வைப்பது அவர் உத்தேசம். பொருளாதார மந்தத்தில் ஊரே வேலையில்லாமல் கிடந்த சமயம். நடைக்காரர்கள் 130 பவுண்ட் திரட்டிக் கொடுத்து அந்த உரிமையை வாங்கினார்கள், காடு பிழைத்தது.

அவர்களை இயக்கியது மனிதக் கை படாத இயற்கை என்ற லட்சியம். அந்த லட்சியத்தின் அஸ்திவாரம் பொய். அந்தப் பொய் இல்லாமல் மரம் நின்றிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். 1987இல் நியூ சவுத் வேல்ஸ் இயற்றிய வனப்பாதுகாப்புச் சட்டத்திலும் இதே வாசனை: மனிதனாலும் அவன் வேலைகளாலும் பெரிதாக மாற்றப்படாத, அல்லது அந்நிலைக்குத் திரும்பக்கூடிய நிலம் என்றுதான் இலக்கணம் வகுக்கிறது. மனிதன் என்றால் எந்த மனிதன்?

அதே மலையில் வேறொரு கதை நடந்தது. குண்டுங்குர்ரா மக்களின் பர்ரகொராங் பள்ளத்தாக்கு, 1960இல் முடிந்த வாரகம்பா அணையின் நீருக்குள் போயிற்று. அவர்களில் பலர் முன்பே கட்டூம்பா ஊரோரத்துப் பள்ளமான 'தி கல்லி'யில் வந்து குடியிருந்தார்கள். 1957இல் அங்கிருந்தும் கிளப்பப்பட்டார்கள், கார்ப் பந்தயத் தடம் போட. இதை நடைக்காரர்கள் செய்யவில்லை. ஆனால் மரத்தின் முன் எழுந்த அந்த வேகம், ஊர்ப்பள்ளத்துக் குடிசைகளைக் காக்கும் அளவுக்கு அந்தச் சமூகத்தில் எழவில்லை. 2002இல்தான் அந்த இடம் ஆதிகுடிகளுக்குரியது என்று அரசு அறிவித்தது.

பலன் நன்றாயிருக்க, எண்ணத்தின் மெய்பொய் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணமே கறை என்பதால் செயலும் கறை என்பவர்களும் உண்டு. இரண்டுமே சௌகரியமான நிலைகள். முதலாமவன் கணக்கைப் பார்க்க மறுக்கிறான், இரண்டாமவன் மரத்தைப் பார்க்க மறுக்கிறான். காடு நிற்பது நன்மைதான், சந்தேகமில்லை. அந்த நன்மையால் பொய் மெய்யாவதில்லை. அங்கே நடப்பவன் இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும், குற்றவுணர்ச்சியாக அல்ல, தகவலாக. குற்றவுணர்ச்சி எளிதில் இன்னொரு இயற்கைக் காட்சியாகிவிடும்.

அப்படியானால் முகட்டில் அவன் அனுபவிக்கும் தனிமையும் போலியா? நான் அப்படி நினைக்கவில்லை. தனிமை ஒருவன் தன்னோடு கொள்ளும் உறவு. அதற்கு நிலம் காலியாக இருக்க வேண்டியதில்லை. நம் புதுக்கவிதைக்காரர்களில் பாதிப்பேர் தெருவைக் காலி செய்துவிட்டுத்தான் தனிமையை எழுத உட்காருகிறார்கள். பிறர் கால் தேய்ந்த பாறையில் கால் வைத்திருப்பது தெரிந்தபிறகும் மிஞ்சுகிற தனிமை எதுவோ, அதுவே அவனுடையது.

கட்டூம்பாவில் 1931இலேயே, ப்ளூ கம் காட்டைக் காத்த அதே வருஷம், செங்குத்துப் பாறையின் பெரும்பகுதி ஒன்று இடிந்து விழுந்தது. அதன் அடியில் நிலக்கரி தோண்டியிருந்தார்கள். சரிவுக்கு அதைக் காரணமாகச் சொல்வார்கள். பழுப்பேறாத அந்த முகம் இன்றும் தெரிகிறது. கரி ஏற்றிய பழைய தண்டவாள வழியில் இப்போது சுற்றுலாப் பயணிகள் இறங்குகிறார்கள், இயற்கையைப் பார்க்க.