ஒரு தேர்தலுக்கு ஓர் ஆயுளா?

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களைச் சில ஆண்டுகளாக ஒரு கேள்வி அலைக்கழித்துக்கொண்டிருக்கிறது. அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-ல் எல் அண்ட் டி நிறுவனத்திடமிருந்து அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. அதை ஏறத்தாழ 6,110 ஏக்கருக்கு விரிக்கும் திட்டம் அடுத்து வந்தது. அதில் ஒரு பகுதி கடலைத் தூர்த்து எடுக்க வேண்டிய நிலம். 2021 ஜனவரி 22 அன்று நடப்பதாக இருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அந்த ஆண்டுத் தேர்தல் பிரசாரத்தில், இத்திட்டத்துக்கு இடம் தர மாட்டோம் என்று திமுக வாக்குக் கொடுத்தது, ஆட்சிக்கும் வந்தது. 2023 செப்டம்பர் 5 என்று கூட்டத்துக்கு மறுபடி நாள் குறித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதுவும் தள்ளிப்போயிற்று. ஒத்திவைப்பது வேறு, கைவிடுவது வேறு என்பது மீனவருக்குத் தெரியும்.

வலை போடும் இடம் பறிபோகுமோ என்கிற அச்சம் ஒரு பக்கம். தலைமுறையாய் ஊறிய கட்சிப் பற்று மறுபக்கம். "எங்க குடும்பமே இரட்டை இலை", "நாங்க பரம்பரையா சூரியன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்கள், அடுத்த தேர்தலில் அந்தப் பெருமையை என்ன செய்வது? மாற்றிப் போட்டால் நன்றிகெட்டவன் என்று ஊர் சொல்லாதா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு தேர்தலில் பிறந்த பற்றுக்கு அந்தத் தேர்தலின் காரணம்தான் உயிர். காரணம் செத்த பிறகும் பற்றை மட்டும் சுமந்து திரிவதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்கக் கூடாது. கட்சிக்கு வாக்காளர் பட்ட கடன் ஏதும் இருந்தால், அது அன்று போட்ட ஓட்டோடு தீர்ந்தது. அதன் பிறகு கடன்பட்டிருப்பது கட்சிதான்.

இப்படிப்பட்ட பற்று எப்படி உருவாகிறது? தமிழகத்தில் அதற்கு இரண்டு பெரிய விளைநிலங்கள் உண்டு. முதலாவது 1967. அரிசித் தட்டுப்பாடு, 1965-ன் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி, ஜனவரி 12 அன்று குண்டடிபட்ட எம்.ஜி.ஆர். கழுத்துக் கட்டோடு இருக்கும் படம் தாங்கிய சுவரொட்டி, இவையெல்லாம் அந்தத் தேர்தலில் கூடி வந்தன. விருதுநகரில் காமராஜரையே மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 வாக்குகளில் தோற்கடித்தார். அன்று ஓட்டுரிமை வயது 21. அந்த வயதில் முதன்முதலாக ஓட்டுப்போட்டவர்கள் இன்று எண்பதை எட்டியவர்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு அரசியல் என்றால் இன்றும் அந்த ஆண்டுதான். மூன்று படி என்ற பேச்சு ஒரு படியாகி, அதுவும் சென்னை, கோவை ஆகிய இரு நகரங்களோடு நின்றது அவர்கள் பற்றை அசைக்கவில்லை.

இரண்டாவது 1977. நெருக்கடிநிலை முடிந்த சூடு ஆறவில்லை. திமுக ஆட்சி கலைக்கப்பட்டு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அண்ணா திமுக 130 இடங்களைப் பிடித்தது. 1964-ல் வந்த 'படகோட்டி'யில் மீனவனாகவே திரையில் வாழ்ந்த எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். கடற்கரைக் குப்பங்களுக்கு அது ஆட்சி மாற்றம் மட்டுமல்ல, தம் வீட்டுப்பிள்ளை அரியணை ஏறியது போன்ற நிகழ்ச்சி. கட்சிச் சின்னத்தை முன்கையில் பச்சை குத்திக்கொண்டவர்கள் உண்டு. தோல் சுருங்கிப் பச்சை வெளிறி, இலை எது நரம்பு எது என்று தெரியாமல் போன கைகளை இன்றும் பார்க்கலாம். ஊசி குத்திய அன்று வந்த வலி ஒரு நாளில் ஆறிவிட்டது. அந்த ஊசி போட்ட கட்டுப்பாடு ஆயுளுக்கும் நீண்டுவிட்டது.

இது தமிழனுக்கு மட்டும் உரிய பலவீனம் என்று நினைக்க வேண்டாம். தமிழகத்தைப் பூர்விகமாகக் கொண்ட பொருளியலறிஞர் செந்தில் முல்லைநாதனும் இபோனியா வாஷிங்டனும் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 18 வயது நிரம்பி ஓட்டுப்போட முடிந்தவர்களையும், சில மாத வித்தியாசத்தில் அந்த வாய்ப்பைத் தவறவிட்டவர்களையும் இரண்டு ஆண்டு கழித்து ஒப்பிட்டார்கள். ஓட்டுரிமை கிடைத்தவர்களிடம் விருப்பும் வெறுப்பும் கூடுதலாக இறுகிப்போயிருந்தன. போட்ட ஓட்டு சரிதான் என்று மனம் தனக்குத் தானே வக்காலத்து வாங்குகிறது. தலைவரின் தவறு சிறிதாகத் தெரிகிறது, எதிராளியின் தவறு மலையாகிறது. நாம் கொள்கைப் பிடிப்பு என்று கொண்டாடுவதில் ஒரு பங்கு, நம் பழைய முடிவைக் காப்பாற்றும் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதம் எங்கே கொண்டுவிடும் என்பதற்குப் பொன்னேரித் தொகுதியே சாட்சி. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே புறநகர் ரயில் நிற்கும் அனுப்பம்பட்டும், கிழக்கே பழவேற்காட்டுக் குப்பங்களும் இந்தத் தொகுதிக்குள்தான் வருகின்றன. 2011-லும் 2016-லும் இங்கே இரட்டை இலை வென்றது. 2021-ல் திமுக கூட்டணியில் காங்கிரஸின் துரை சந்திரசேகர் வென்றார். துறைமுகம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. தேர்தலுக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த முறை பொன்னேரி வாக்குப்பதிவு இயந்திரத்தில் உதயசூரியன் இல்லை. காங்கிரஸை வீழ்த்துவதற்காக 1967-ல் சூரியனைப் பிடித்துக்கொண்ட முதியவர், அதே சூரியனுக்கு உண்மையாக இருக்க வேண்டி 2021-ல் கை சின்னத்தை அழுத்தினார். காரணம் தலைகீழாகப் புரண்டுவிட்டது. பற்று மட்டும் அசையவில்லை.

நம் முன்னோர் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள்? செய்ந்நன்றி மறவாமை தமிழர் அறத்தின் தலையாய பாடம். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். கட்சித் தொண்டர்கள் அதை எடுத்து வீசாத மேடை இல்லை. ஆனால் அந்த அதிகாரம் நூலில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: அறத்துப்பாலில், இல்லறவியலில். பொருட்பாலில் அரசியல் பேச வரும்போது அவர் வைத்த அதிகாரங்கள் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல். ஆராயாமல் ஒருவரைத் தெளிவது தீராத துன்பம் தரும் என்கிறார். எவ்வளவு சோதித்துத் தேர்ந்தாலும் பொறுப்பு கைக்கு வந்ததும் வேறு ஆளாகிவிடுகிறவர் பலர் என்று எச்சரிக்கிறார். ஆகவே மன்னன் நாள்தோறும் கண்காணிக்க வேண்டும் என்கிறார். குடியாட்சியில் அந்த மன்னன் யார்? வரிசையில் நின்று விரலில் மை வாங்கும் வாக்காளர்தான். அண்டை வீட்டாரிடம் காட்ட வேண்டிய நன்றியை ஆட்சிப் பொறுப்பில் இருப்பவரிடம் காட்டுவது இடம் மாறிய அறம்.

செஞ்சோற்றுக் கடன் என்பார்கள்; கும்பகர்ணனைக் காட்டுவார்கள். கம்பனின் கும்பகர்ணன் அண்ணனுக்காகச் செத்தான் என்பது உண்மை. ஆனால் போருக்குப் போகுமுன் இராவணன் முகத்துக்கு நேரே நின்று, பிறன் மனைவியைச் சிறைவைத்தது பிழை, விட்டுவிடு என்று சொன்னவனும் அவன்தான். வீடணனும் அதையே சொன்னான். கேட்காத அண்ணன் விரட்டியதால் அறத்தின் பக்கம் போனான். போன வழி வேறாக இருந்தாலும் இருவருமே முதலில் இடித்துரைத்தார்கள். தலைமை செய்யும் தவறுக்கெல்லாம் கைதட்டிவிட்டுக் கும்பகர்ணன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் தொண்டனுக்கு அந்தப் பெயரில் உரிமை இல்லை.

புறநானூற்றின் பிசிராந்தையாரையும் நினைக்க வேண்டும். நேரில் பார்த்தறியாத கோப்பெருஞ்சோழனுக்காக வடக்கிருந்து உயிர் விட்டவர். அவரைவிடப் பற்றுள்ளவர் யார்? அவர்தான் பாண்டியன் அறிவுடைநம்பியிடம் போய், வரி வாங்குவதிலும் ஓர் அளவு வேண்டும், யானை புகுந்த வயல் போல நாட்டைப் பாழாக்கிவிடாதே என்று பாடியவர். வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம் உழுகுடிகளின் சுமையைச் சொல்லிச் செய்க்கடன் விலக்கு வாங்கினார். இடிப்பார் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் தீர்ப்பு. சங்கப் புலவர்கள் பரிசில் வாங்கினார்கள். வாங்கிய பரிசிலுக்கு வாயை அடகு வைக்கவில்லை.

கல்வெட்டும் இதையே பேசுகிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் போகாது. கணக்குக் காட்டாதவர் பெயரும் போகாது, அவருடைய உறவினர் பெயரும் போகாது. அது நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கு மட்டுமான சபை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கணக்குக் காட்டாதவனுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை என்கிற நெறி, ஆயிரத்து நூறு ஆண்டு கழித்தும் நம் தேர்தலுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பழவேற்காட்டு மீனவர் தம் ஏரியிலேயே இந்த அறத்தை நடைமுறையாக வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் சுத்துவலை போட்டு இறால் பிடிக்கும் இடங்களை யாரும் தமக்கென்று வளைத்துக்கொள்ள முடியாது. தலைக்கட்டுக் கணக்குப்படி சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். இன்று இறால் கொழிக்கும் இடத்தில் வலை கட்டியவர், தம் முறை முடிந்ததும் நகர்ந்து அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். போன முறை நல்ல பாடு கிடைத்தது என்பது இந்த முறைக்கு உரிமை ஆகாது. எல்லாச் சமூகத்தாரையும் அது சேர்த்துக்கொள்வதில்லை என்ற குறையும் அதற்கு உண்டு. எனினும் அதிகாரம் யாருக்கும் நிரந்தரப் பட்டா இல்லை என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் ஏற்பாடு வேறு எது? ஏரியில் ஒரு முறைக்கு மேல் ஒருவரை உட்கார விடாத மக்கள், கோட்டையில் மட்டும் ஒரு கட்சிக்கு ஆயுள் பாடு எழுதிக் கொடுப்பது என்ன நியாயம்?

மறுதரப்புக்கும் ஒரு சொல் உண்டு. பற்றே இல்லாத அரசியல் சந்தையாகிவிடும். காற்றடிக்கும் பக்கமெல்லாம் சாய்கிறவர்களை நம்பி எந்தக் கொள்கையும் நிற்காது. தோற்ற காலத்திலும் கொடி பிடிக்கிறவர்கள் இருப்பதால்தான் எதிர்க்கட்சி என்ற ஒன்று உயிரோடிருக்கிறது. சரிதான். ஆனால் அந்த வாதம் கொள்கைக்குத் துணை நிற்கும், சின்னத்துக்கு நிற்காது. 1989-ல் இரட்டை இலை முடக்கப்பட்டு, சேவலும் இரட்டைப் புறாவும் வந்து நின்றபோது, பரம விசுவாசிகளே யோசித்துத்தான் ஓட்டுப்போட வேண்டியிருந்தது. ஒரு சின்னம் காணாமல் போன அன்று முடிந்த யோசனை, சின்னம் இருக்கும் நாளில் ஏன் முடியாது?

பற்று சந்தைக்கு எதிரான காப்பு என்பதையும் நடப்பு பொய்யாக்குகிறது. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைக் குறிக்கும் 'ஃபார்முலா' என்ற சொல்லே நம் அரசியல் அகராதியில் ஏறியது. பணப் பட்டுவாடாவால் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் தள்ளிப்போயின, 2017-ல் ஆர்.கே. நகரும் 2019-ல் வேலூரும் ரத்தாயின. உறுதியான பற்றாளர் நிறைந்த நாட்டில் இவ்வளவு பணம் எதற்கு? கட்சிகளே தம் பற்றாளரை நம்பவில்லை என்பதுதான் பொருள். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு ஓட்டுக்குப் பணம் கொடுப்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. ஆனால் வாங்கிய காசுக்குத் துரோகம் செய்யலாமா என்று வாக்காளரின் மனசாட்சியையே அவருக்கு எதிராகத் திருப்பிவிடுகிறார்கள். நன்றி என்ற நல்ல சொல்லுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டியதில்லை. குற்றத்தில் பிறந்த கடனை யாரும் திருப்பித் தர வேண்டியதில்லை.

கடற்கரை மக்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் அப்பியபோது கோட்டையில் இருந்தது ஒரு கட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தை மூடியபோது இருந்தது இன்னொரு கட்சி. இரண்டு முறையும் கையால் எண்ணெயை அள்ளியவர்கள் மீனவர்கள்தான். வலையில் ஒட்டிய எண்ணெய் எந்தக் கொடியின் நிறத்தையும் பார்க்கவில்லை.

ஆகவே பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் படகைக் கொடுக்கட்டும், வலையைக் கொடுக்கட்டும், ஏரியின் ஆழமும் காற்றின் குணமும் சொல்லிக் கொடுக்கட்டும். கட்சியை மட்டும் சீதனமாகக் கொடுக்க வேண்டாம். முதல் ஓட்டுப்போடப் போகும் இளைஞரும், நன்றாய் யோசித்துப் போடும் அந்த ஓட்டு அடுத்த தேர்தலில் தம்மைக் கட்டாது என்பதை அறிந்தே போடட்டும். ஒவ்வொரு தேர்தலிலும் வாசலுக்கு வருகிறவரிடம் போன முறை சொன்னதன் கணக்கைக் கேட்க வேண்டும். கணக்குக் காட்டினால் மறுபடி போடலாம். அதுவே உண்மையான விசுவாசம். காட்டாதவருக்கு, அவர் நம் தாத்தா காலத்துக் கட்சிக்காரராகவே இருந்தாலும், இல்லை என்று சொல்லத் தெரிய வேண்டும். அப்படிச் சொல்லத் தெரியாத குடிமக்கள் இருக்கும்வரை எந்தக் கட்சியும் தன் வாக்குறுதியைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை.