புதியவருக்கு யார் சொல்வது?

இறைவன்மேல் நம்பிக்கை வைத்தவர் ஆபத்தை எண்ணி முன்னேற்பாடு செய்வது நம்பிக்கைக் குறைவாகுமா? இந்தப் பழைய கேள்வி, பிழைப்பின் பொருட்டு முன்பின் அறியாத ஊரில் குடியேறுவோர் முன் புதிய கூர்மையோடு எழுகின்றது. அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள டெக்சஸ், ஒக்லகோமா, கான்சாஸ், மிசூரி மாநிலங்களை எடுத்துக்கொள்வோம். அங்கே டொர்னாடோ என்னும் சுழற்காற்று ஆண்டுதோறும் வரும் விருந்தாளி.

நம் கடற்கரையைத் தாக்கும் புயல் பல நாள்களுக்கு முன்பே தன் வருகையை அறிவித்துவிடுகின்றது. டொர்னாடோ அவ்வாறன்று. இடிமேகத்தினின்று தரைக்கு இறங்கும் அச்சுழல், மிகக் கொடியதாயின், மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சுழலும். எச்சரிக்கைக்கும் அழிவுக்கும் இடையே கிடைப்பது பெரும்பாலும் கால்மணி நேரத்திற்கும் குறைவே. ஒரு தெருவைத் தரைமட்டமாக்கிவிட்டு, அடுத்த தெருவைத் தொடாமலே அது போய்விடுவதும் உண்டு.

இங்குதான் மனித மனம் தடுமாறுகின்றது. தப்பியவர் நல்லவர், மாண்டவர் பாவி என்று கணக்கிடத் துணிகின்றது. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைச் சுட்டிக்காட்டி, இக்கணக்கை ஆண்டவர் இயேசு அன்றே மறுத்துவிட்டார். கோவிலின் உச்சியிலிருந்து குதித்துத் தந்தையின் பாதுகாப்பைச் சோதித்துப் பார்க்கவும் அவர் இசையவில்லை. ஆபத்தை அலட்சியம் செய்வதை அவர் விசுவாசம் என்று கருதவில்லை.

2011 மே 22, ஞாயிறு மாலை. மிசூரி மாநிலத்தின் ஜோப்ளின் நகரில் வீசிய டொர்னாடோ 150-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அங்கிருந்த புனித மரியா ஆலயம் இடிந்து விழ, அதன் சிலுவை மட்டும் நிமிர்ந்து நின்றது. அச்சிலுவையின் படம் பலரது உள்ளத்தை உருக்கியது. ஆனால் அதே வளாகத்தில் நடந்த மற்றொன்றையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். பங்குத்தந்தை தம் இல்லத்தின் குளியல் தொட்டிக்குள் ஒடுங்கிக்கொண்டார். இல்லம் நொறுங்கியும் உயிர் பிழைத்தார். அவருடைய விசுவாசம் குறைவுபட்டது என்று யார் சொல்வார்? அந்நகரில் அபாயச் சங்கு முன்னரே ஒலித்திருந்தது. அடிக்கடி கேட்டுப் பழகிய ஒலியாதலால், பலர் உடனே ஒதுங்காமல் வேறு உறுதிப்பாட்டிற்குக் காத்திருந்தனர் என்று பின்னர் நடந்த ஆய்வுகள் கூறின.

ஊராரின் நிலையே இதுவெனில், நேற்று வந்து குடியேறியவரின் நிலை என்ன? டொர்னாடோ 'வாட்ச்' என்றால் அதற்கேற்ற வானிலை நிலவுகின்றது என்று பொருள். 'வார்னிங்' என்றால் காற்று கண்ணிலோ ரேடாரிலோ தென்பட்டுவிட்டது, உடனே ஒதுங்க வேண்டும் என்று பொருள். சங்கு வெளியில் இருப்போருக்காக ஊதப்படுவது. வீட்டுக்குள் உறங்குபவருக்குக் கேட்காமலும் போகலாம். நிலவறை சிறந்தது; அஃது இல்லையேல் கீழ்த்தளத்தின் நடுவே சன்னல் இல்லாத சிற்றறை. 'மொபைல் ஹோம்' எனப்படும் இலகுவான வீடும், நெடுஞ்சாலை மேம்பாலத்தின் அடியும் அடைக்கலம் ஆகா. அவ்வூர்க் குழந்தைகள் இவற்றைப் பள்ளியிலேயே பயில்கின்றனர். புதியவரோ வாடகையை விசாரிக்கிறார், பள்ளியை விசாரிக்கிறார், ஞாயிறு திருப்பலி நேரத்தை விசாரிக்கிறார். இதை விசாரிக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரிவதில்லை.

புனித தாமஸ் அக்குவினார் விவேகம் என்னும் நற்பண்பை ஆராயும்போது, பிறரிடம் கற்றுக்கொள்ளும் மனத்தையும் அதன் ஓர் உறுப்பாகச் சேர்க்கிறார். வாழ்வின் எண்ணற்ற சூழல்களை ஒருவர் தனித்து நின்று அறிந்துவிட முடியாது என்பது அவர் கருத்து. அவ்வாறாயின், விவேகத்திற்கு இருவர் தேவை: கேட்பவர் ஒருவர், சொல்பவர் ஒருவர்.

சொல்லாமல் விடுவதைக் கருணை என்று எண்ணிய காலமும் உண்டு. மக்கள் பீதியடைவர் என்று அஞ்சி, 1880-களிலிருந்தே அமெரிக்க வானிலைத் துறை 'டொர்னாடோ' என்ற சொல்லைத் தன் முன்னறிவிப்புகளில் தவிர்த்துவந்தது. 1948 மார்ச் 25 அன்று ஒக்லகோமாவின் விமானப்படைத் தளமொன்றில் இரு அதிகாரிகள் துணிந்து முன்னறிவித்தனர். அன்றே காற்றும் வந்தது. 1950-இல் அத்தடை நீங்கியது. அச்சத்தை மறைத்தால் ஆபத்து மறைவதில்லை.

சொன்னாலும், எந்த மொழியில், யாருக்கு? 1987 மே 22 அன்று டெக்சஸின் சரகோசா என்னும் சிற்றூரில் மாண்ட 30 பேரில் 22 பேர், குவாதலூப்பே அன்னை ஆலயத்தின் மண்டபத்தில் மழலையரின் விழாவுக்குக் கூடியிருந்தவர்கள். ஸ்பானிய மொழி பேசிய அம்மக்களுக்கு எச்சரிக்கை உரியபடி சென்று சேரவில்லை. 2013 மே 31 அன்று ஒக்லகோமா நகரில், குவாத்தமாலாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தினர் காற்றுக்குத் தப்ப மழைநீர் வடிகாலுக்குள் இறங்கினர். பெருக்கெடுத்த வெள்ளம் அவர்களை அடித்துச் சென்றது. அவர்கள் அலட்சியமாக இருந்தவர்கள் அல்லர். அஞ்சினர், ஒதுங்கவும் செய்தனர். ஒதுங்குவதற்குத் தகுந்த இடந்தான் வாய்க்கவில்லை.

அந்நியனாக இருந்தேன், ஏற்றுக்கொண்டாயா என்று இறுதி நாளில் கேட்கப்போகிறவர் முன் நமது விடை என்ன? விருந்தோம்பல் என்றால் உணவும் உறைவிடமும் மட்டுமே என்று எண்ணிவிடுகிறோம். சங்கு ஊதினால் எங்கே போக வேண்டும் என்று சொல்வதும், "எங்கள் நிலவறைக் கதவு உங்களுக்கும் திறந்திருக்கும்" என்று முன்கூட்டியே கூறுவதும் விருந்தோம்பலே. கூச்சத்தை விடுத்துக் கேட்பது புதியவரின் கடமை. கேட்கும்வரை காத்திராமல் சொல்வது ஊராரின் கடமை.

நம் பிள்ளைகள் அத்தகைய ஊர்களுக்குச் செல்லும்போது, பக்கத்தில் கோவில் இருக்கிறதா என்று தொலைபேசியில் தவறாமல் கேட்கிறோம். நல்ல கேள்வி. அதனோடு, காற்று வந்தால் எங்கே ஒதுங்குவாய், அதை உனக்குச் சொல்லித்தர அயலார் யார் இருக்கிறார் என்றும் கேட்போமாக. நம் தெருவுக்குப் புதிதாக வந்த குடும்பத்திற்கு அந்த அயலார் நாமே அல்லவா?